இரவல் கதை, சொந்தப் படம்: 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' உருவான விதமும் அதன் வழக்கும்

1964-இல் ரோமைச் சேர்ந்த ஜாலி பிலிம் என்ற கம்பெனியின் கையில் இரண்டு வெஸ்டர்ன் படங்கள் இருந்தன. ஒன்று பெரிய படம். ராட் கேமரன் என்ற அசல் ஹாலிவுட் கௌபாய் நடிகரை வரவழைத்து, மாரியோ கையானோ இயக்கத்தில் எடுத்தது. கம்பெனியின் நம்பிக்கையெல்லாம் அதன் மேல்தான். இன்னொன்று சின்னப் படம். பெரிய படத்துக்குப் பயன்பட்ட செட்டையும் ஆட்களையும் வைத்து, கூடுதலாகக் கொஞ்சம் பணம் போட்டால் முடித்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டது. பெரிய படம் இன்று வெஸ்டர்ன் பைத்தியங்களுக்கு மட்டும் தெரிந்த பெயர். சின்னப் படத்துக்கு அப்போது வைத்திருந்த தலைப்பு 'மகத்தான அந்நியன்' என்ற பொருள்படும் 'இல் மக்னிஃபிகோ ஸ்த்ரானியேரோ'. அதுதான் பிறகு 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஆனது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு சாரார் "ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவிடமிருந்து சுட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இன்னொரு சாரார் படத்தை இயக்கிய செர்ஜியோ லியோனேயைக் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல். எது எடுக்கப்பட்டது, எது புதிதாக உண்டானது என்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், பின்னால் நடந்த வழக்குகளும் புரியும், அடுத்த பத்து வருடங்களுக்கு இந்தப் படம் உலக சினிமாவைப் படுத்திய பாடும் புரியும்.

காசில்லாத காலம்

ஐம்பதுகளின் கடைசியிலிருந்து இத்தாலிய சினிமாவுக்குச் சோறு போட்டவை புராண, சரித்திரப் படங்கள். ஹெர்குலிஸ், கிளாடியேட்டர், அடிமைப் பெண், இடிந்து விழும் கோயில். லியோனே தொழில் கற்றது அந்தப் பட்டறையில்தான். அப்பா வின்சென்சோ லியோனே மௌனப்பட காலத்து இயக்குநர், 'ரொபெர்தோ ரொபெர்த்தி' என்ற பெயரில் படம் எடுத்தவர். அம்மா நடிகை. 1929-இல் ரோமில் பிறந்த மகன் பதின்பருவம் முடிவதற்குள்ளேயே ஸ்டூடியோவுக்குள் எடுபிடியாக நுழைந்துவிட்டார். 1959-இல் 'தி லாஸ்ட் டேஸ் ஆஃப் பாம்பேய்' படத்தின் இயக்குநருக்கு உடம்பு சரியில்லாமல் போக, மிச்சத்தை எடுத்து முடித்தார். 1961-இல் 'தி கொலோசஸ் ஆஃப் ரோட்ஸ்' அவர் பெயரிலேயே வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ராபர்ட் ஆல்ட்ரிச் எடுத்த 'சோடம் அண்ட் கொமோரா' என்ற பிரம்மாண்டத்தில் இரண்டாவது யூனிட் பார்த்தார். அந்தப் படம் ஏற்படுத்திய நஷ்டமும் சேர்ந்து டைட்டானஸ் என்ற பெரிய கம்பெனியையே முடக்கிப் போட்டது. புராணப் படங்களுக்கு மவுசு போயிற்று. அடுத்து எதை எடுத்தால் ஓடும் என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு பதில் இருந்தது. மேற்கு ஜெர்மனிக்காரர்கள் கார்ல் மாய் நாவல்களை யூகோஸ்லாவியாவின் மலைகளில் வைத்து வெஸ்டர்ன்களாக எடுத்துக் கல்லா கட்டிக்கொண்டிருந்தார்கள். 1962-இல் வந்த 'வெள்ளி ஏரியின் புதையல்' அந்த வரிசையில் முதலாவது. ஆக, ஐரோப்பாவில் கௌபாய் படம் எடுக்கலாம், அமெரிக்கன் இல்லாவிட்டாலும் ஜனம் பார்க்கும் என்பது தெரிந்துவிட்டது. ஸ்பெயினில் ஏற்கனவே சில படங்கள் எடுத்திருந்தார்கள். செட்டும் குதிரைகளும் அங்கே தயாராக இருந்தன. முதல் இத்தாலிய வெஸ்டர்னை எடுத்தவர் லியோனே என்று எழுதுவது தவறு. அவருக்கு முன்பே பல படங்கள் வந்து போய்விட்டன. அவற்றில் ஒன்றுக்கு, இந்தப் படத்துக்கு இசையமைத்த அதே என்னியோ மோரிகோனேதான் இசை.

யோஜிம்போ

1963-இல் லியோனே ரோமில் ஒரு ஜப்பானியப் படம் பார்த்தார். 1961-இல் அகிரா குரோசாவா எடுத்த 'யோஜிம்போ'. எஜமானன் இல்லாத ஒரு சாமுராய் ஓர் ஊருக்கு வருகிறான். ஊரில் இரண்டு கும்பல்கள். இரண்டு பக்கமும் கூலிக்குச் சேர்ந்து இரண்டையும் மோத விடுகிறான். நடுவில் கணவனிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒரு பெண்ணைக் காப்பாற்றி அனுப்புகிறான். மாட்டிக்கொண்டு செம்மையாக அடி வாங்குகிறான். தப்பித்து ஒளிந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்து மிச்சக் கணக்கை முடிக்கிறான்.

லியோனேயின் படத்தில் ஊர் பெயர் சான் மிகேல், மெக்ஸிகோ எல்லை. கும்பல்கள் ரோஹோ சகோதரர்களும் பாக்ஸ்டர்களும். மேலே உள்ள பத்தியில் சாமுராய் என்ற சொல்லை எடுத்துவிட்டுத் துப்பாக்கிக்காரன் என்று போட்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும். சாராயக்கடைக்காரக் கிழவன் இருக்கிறான், சவப்பெட்டி செய்பவன் இருக்கிறான், நாயகன் சவப்பெட்டிக்குள் ஒளிந்து தப்புவதும் இருக்கிறது, ஒரு கும்பலின் வீட்டைக் கொளுத்தி வெளியே ஓடி வருபவர்களைக் கொல்வதும் இருக்கிறது. இதைத் 'தாக்கம்' என்று சொல்வது ரொம்பத் தாராளம். திரைக்கதையின் எலும்புக்கூடு மொத்தமாக அங்கிருந்து வந்தது.

இத்தனைக்கும் முறையாக வாங்குவது எப்படி என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். குரோசாவாவின் 'செவன் சாமுராய்' படத்தை உரிமை வாங்கித்தான் ஹாலிவுட் 1960-இல் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' ஆக்கியது. லியோனேயின் படத்துக்கு முதலில் வைத்த தலைப்பிலுள்ள 'மகத்தான' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கக் கஷ்டப்பட வேண்டாம். ஆனால் உரிமை வாங்கவில்லை. தயாரிப்பாளர்கள் ஜோர்ஜியோ பாபியும் அர்ரிகோ கொலம்போவும் அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்ததாக லியோனே தரப்பு பின்னால் சொன்னது. சின்னப் படம்தானே, ஜப்பான் வரைக்கும் யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற அலட்சியம் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆள் பிடித்தது

முதலில் ஹென்றி ஃபோண்டா வேண்டும் என்று லியோனே ஆசைப்பட்டார். ஜேம்ஸ் கோபர்ன், சார்ல்ஸ் பிரான்சன் என்று பட்டியல் இறங்கிக்கொண்டே வந்தது. யாரும் கட்டுப்படியாகவில்லை, அல்லது யாரும் சம்மதிக்கவில்லை. அப்போது ரோமில் நடித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஹாரிசன் என்ற அமெரிக்க நடிகர் தானும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, 'ராஹைட்' தொலைக்காட்சித் தொடரில் நடிக்கும் கிளின்ட் ஈஸ்ட்வுட் பெயரைச் சொல்லிவிட்டார். சினிமாவுக்குத் தான் செய்த மிகப் பெரிய தொண்டு அந்தப் படத்தில் நடிக்காததுதான் என்று ஹாரிசன் பிறகு வேடிக்கையாகச் சொல்வார்.

ஈஸ்ட்வுட்டின் சம்பளம் 15,000 டாலர். படத்தின் மொத்தச் செலவே இரண்டு லட்சம் டாலரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். தொடரின் ஒப்பந்தப்படி இடைவேளை மாதங்களில் அமெரிக்கப் படங்களில் நடிக்கக் கூடாது, வெளிநாட்டில் நடிக்கலாம். ஸ்கிரிப்டைப் படித்தவுடன் அவருக்கு இது யோஜிம்போ என்று தெரிந்துவிட்டது. அவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். ஆனாலும், அல்லது அதனாலேயே, ஒத்துக்கொண்டார்.

உடுப்பு விஷயத்தில் அவர் கம்பெனியை நம்பவில்லை. கறுப்பு ஜீன்ஸைக் கடையில் வாங்கித் துவைத்துத் துவைத்து வெளிற வைத்து எடுத்துப் போனார். துப்பாக்கி பெல்ட்டும் பூட்ஸும் 'ராஹைட்' தொடரிலிருந்து. மெல்லிய சுருட்டுகளை பெவர்லி ஹில்ஸில் வாங்கினார். இத்தனைக்கும் அவர் புகைபிடிக்காதவர். வாயில் அந்தக் கசப்பு இருந்தால் முகம் தானாகச் சிடுசிடுக்கும், அது கதாபாத்திரத்துக்கு உதவியது என்று சொல்லியிருக்கிறார். மேலே போடும் போஞ்சோ, அதாவது தலை வழியாக மாட்டும் போர்வை, எங்கே கிடைத்தது என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. இதுவும் லியோனே அவரை வைத்து அடுத்து எடுத்த இரண்டும் சேர்ந்து மூன்று படங்களுக்கும் அதே போஞ்சோதான், துவைக்கவே இல்லை.

அவர் செய்த இன்னொரு காரியம் வசனத்தை வெட்டியது. நாயகன் ஏன் அந்தப் பெண்ணுக்கும் அவள் குடும்பத்துக்கும் உதவுகிறான் என்பதற்கு ஸ்கிரிப்டில் நீளமாக விளக்கம் இருந்தது. இவர் அதை உன்னைப் போல ஒருத்தியை முன்பு தெரியும், உதவ யாரும் இல்லை என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டார். நம் ஊர் நாயகர்கள் வசனத்தைக் கூட்டச் சொல்லித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம்.

மற்ற நடிகர்களைப் பார்த்தால் பணம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று தெரிந்துவிடும். மியூனிக்கின் கான்ஸ்டான்டின் பிலிம் பங்கு போட்டதால் ஜெர்மானியத் தாரகை மாரியான்னே கோக், கணவனிடமிருந்து பிரிக்கப்பட்ட பெண்ணான மாரிசோல் ஆனார். ஜெர்மன் மொழி நடிகர்கள் இன்னும் மூவர் முக்கிய வேடங்களில் வந்தார்கள். மாட்ரிட்டின் ஓஷன் பிலிம்ஸ் பங்குக்குச் சாராயக்கடைக்காரரும் பாக்ஸ்டர் வீட்டம்மாவும் ஸ்பானியர்கள். வில்லன் ரமோன் மட்டும் இத்தாலியர், மேடையில் பெயர் வாங்கிய ஜான் மரியா வொலொன்டே. மாரியான்னே கோக் எழுபதுகளில் நடிப்பை விட்டுவிட்டுப் பாதியில் நிறுத்திய மருத்துவப் படிப்பை முடித்து டாக்டரானார். இதற்கும் நம் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் பெயர்ப் பலகை. இத்தாலியர்கள் எடுத்த வெஸ்டர்ன் என்றால் இத்தாலிய ரசிகனே காசு கொடுக்க மாட்டான் என்ற பயத்தில் எல்லோரும் அமெரிக்கப் பெயர் வைத்துக்கொண்டார்கள். வொலொன்டே 'ஜான் வெல்ஸ்', ஒளிப்பதிவாளர் மாசிமோ தல்லமானோ 'ஜாக் தால்மாஸ்', இசையமைத்த என்னியோ மோரிகோனே 'டான் சாவியோ'. லியோனே வைத்துக்கொண்ட பெயர் 'பாப் ராபர்ட்சன்'. ராபர்ட்சன் என்றால் ராபர்ட்டின் மகன். அப்பாவின் புனைபெயரைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் விஷயம் விளங்கும்.

ஸ்பெயினில்

ஊர்க் காட்சிகள் மாட்ரிட்டுக்கு வடக்கே ஓயோ தெ மன்சனாரெஸ் என்ற இடத்தில் முன்பே போட்டிருந்த செட்டில் எடுக்கப்பட்டன. சில காட்சிகளுக்குத் தெற்கே அல்மேரியா மாகாணத்துக்குப் போனார்கள். வெள்ளைச் சுவர், காய்ந்த மண், கண்ணைக் கூசவைக்கும் வெயில். உள்காட்சிகள் ரோமின் சினெசித்தா ஸ்டூடியோவில். லியோனேவுக்கு ஆங்கிலம் வராது, ஈஸ்ட்வுட்டுக்கு இத்தாலி மொழி வராது. சண்டை நடிகர் பெனீதோ ஸ்தெஃபனெல்லி இடையில் நின்று மொழிபெயர்ப்பார். மற்ற நேரத்தில் லியோனே தானே நடித்துக் காட்டுவார்.

பணம் அடிக்கடி நின்றுபோனது. ஒருநாள் ஈஸ்ட்வுட் செட்டுக்குப் போனால் யூனிட் ஆட்கள் யாருமே இல்லை. சம்பளம் வராததால் வேலைக்கு வரவில்லை. அவரும் கிளம்பிப் போக, பின்னாலேயே ஆள் வந்து சமாதானம் செய்தார்கள். ஈஸ்ட்வுட் சொல்லிச் சிரிக்கும் இன்னொரு கதை மரக்கதை. படத்தில் தூக்குக் கயிறு தொங்கும் ஒரு மொட்டை மரம் வேண்டும். சுற்றிலும் அப்படி ஒன்று இல்லை. எங்கோ ஒரு விவசாயியின் வீட்டு முற்றத்தில் இருந்தது. லியோனே ஆட்களுடனும் வண்டியுடனும் போய், அரசாங்க ஆள் மாதிரி பேசி, இந்த மரம் ஆபத்தானது, விழுந்து யாராவது சாவார்கள் என்று மிரட்டி வெட்டி எடுத்து வந்துவிட்டாராம். ஈஸ்ட்வுட் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம். ஆனால் படத்தில் மரம் இருக்கிறது.

காசில்லாததால் வந்த இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாவது டெக்னிஸ்கோப். சாதாரண 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் ஒரு ஃப்ரேமின் உயரம் பிலிம் ஓரத்திலுள்ள ஓட்டைகளில் நான்கு. இத்தாலியின் டெக்னிகலர் லேபரேட்டரி அறுபதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்த இந்த முறையில் இரண்டே ஓட்டைகள். பதினோரு நிமிடம் ஓடும் ரீல் இருபத்திரண்டு நிமிடம் ஓடும். பிலிம் செலவு பாதி. ஃப்ரேம் தானாகவே அகலமாகிவிடுவதால் சினிமாஸ்கோப்புக்கு வேண்டிய, அகலமான காட்சியைப் பக்கவாட்டில் இறுக்கிப் பதியும் விலையுயர்ந்த அனமார்ஃபிக் லென்ஸ் கேமராவுக்குத் தேவையில்லை. பிரிண்ட் போடும்போது லேபிலேயே படத்தை இறுக்கிக்கொள்வார்கள். குறை என்னவென்றால் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அந்தக் கால அனமார்ஃபிக் லென்ஸை வைத்துக்கொண்டு முகத்துக்கு ரொம்பக் கிட்டே போனால் முகம் உப்பியது போலத் தெரியும். ஃபோகஸும் கஷ்டம். சாதாரண லென்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே லியோனேயும் தல்லமானோவும் முகத்தின் மேலேயே போய் நின்றார்கள். அகலத் திரை முழுக்க ஒரு நெற்றியும் இரண்டு கண்களும், தாடி மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். அதே லென்ஸில் முன்னால் ஒருவனுடைய பூட்ஸும் தூரத்தில் நால்வர் நிற்பதும் ஒன்றாகத் தெளிவாகத் தெரியும். ஹாலிவுட் ஸ்கோப் படங்கள் அகலத்தை நிலக்காட்சிக்குப் பயன்படுத்தின. இவர் முகத்தையே நிலக்காட்சி ஆக்கிவிட்டார்.

இரண்டாவது ஒலி. இத்தாலியில் வழக்கமாகவே படப்பிடிப்பில் ஒலி பதிய மாட்டார்கள், எல்லாம் டப்பிங்தான். ஜெர்மானியர் ஜெர்மனிலும் ஸ்பானியர் ஸ்பானிஷிலும் பேசுவார்கள், பிறகு ஒட்டிக்கொள்ளலாம். இத்தாலியப் பதிப்பில் ஈஸ்ட்வுட்டுக்குக் குரல் கொடுத்தவர் என்ரிகோ மரியா சலெர்னோ. நேரடி ஒலி இல்லை என்றால் ஒவ்வொரு சத்தத்தையும் தனியாகப் போட வேண்டும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்கிறபோது லியோனே தேர்ந்தெடுத்துப் போட்டார். காற்று, ஒரு பூட்ஸின் அடி, அப்புறம் பீரங்கி மாதிரி வெடிக்கும் ரிவால்வர். மற்றதெல்லாம் மௌனம்.

ஒரு காட்சி

சான் மிகேலுக்கு வந்தவுடன் அந்நியனின் கோவேறு கழுதையை அதன் காலடியில் சுட்டு பாக்ஸ்டர் ஆட்கள் நால்வர் மிரட்டுகிறார்கள். சற்று நேரம் கழித்து அவன் அவர்களிடம் திரும்ப நடந்து போகிறான். வழியில் சவப்பெட்டித் தச்சனிடம் மூன்று பெட்டி தயார் செய்யச் சொல்கிறான். வேலியில் சாய்ந்து நிற்கும் நால்வரிடம் போய், கழுதைக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, அதைப் பார்த்துச் சிரித்தால் அதற்குப் பிடிக்காது, மன்னிப்புக் கேளுங்கள் என்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். அவன் மெதுவாகத் தலை நிமிர்கிறான், தொப்பிக்கு அடியிலிருந்து கண்கள் தெரிகின்றன. நால்வரின் முகங்களிலும் சிரிப்பு ஒவ்வொன்றாக வடிகிறது. போஞ்சோவின் ஓரத்தைத் தோளுக்கு மேல் தள்ளுகிறான். பிறகு நடப்பது ஓரிரு விநாடி. திரும்பிப் போகும்போது தச்சனிடம், தப்பாகச் சொல்லிவிட்டேன், நான்கு பெட்டி என்கிறான்.

யோஜிம்போவிலும் இது உண்டு. அங்கே சாமுராயாக நடித்த தோஷிரோ மிஃபூனே கத்தியை உருவி ஆட்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, தச்சனைப் பார்த்து இரண்டு பெட்டி, இல்லை மூன்றாக இருக்கலாம் என்கிறார். நகைச்சுவையும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் குரோசாவாவின் காட்சியில் எல்லாமே அசைவு: ஆட்கள் சூழ்வது, விலகுவது, கத்தி வீச்சு. லியோனேயின் காட்சியில் அசைவே கிடையாது. முகம், முகம், முகம், இன்னொரு முகம், சட்டென்று வெடி. சுட்டபின் நடப்பதைவிட சுடுவதற்கு முந்தைய நேரம்தான் காட்சி என்ற கணக்கு அவருடையது. அடுத்தடுத்த படங்களில் இதை அவர் நிமிடக்கணக்கில் நீட்டியதும் நமக்குத் தெரியும்.

இன்னொன்றும் இந்தக் காட்சியில் நடக்கிறது. சுடுபவனின் முதுகுக்குப் பின்னால் கேமரா இருக்கிறது, சுடப்படுபவர்கள் அதே ஃப்ரேமில் விழுகிறார்கள். ஹாலிவுட்டின் தணிக்கை வழக்கப்படி துப்பாக்கி வெடிப்பதை ஒரு ஷாட்டிலும் ஆள் விழுவதை இன்னொரு ஷாட்டிலும் காட்ட வேண்டும். லியோனேவுக்கு அந்த விதி தெரியாது. தெரிந்திருந்த ஈஸ்ட்வுட் வாயைத் திறக்கவில்லை.

முழுக்க லியோனே தரப்பில் சேர்த்தவையும் உண்டு. ஆற்றங்கரையில் மெக்ஸிகோ சிப்பாய்களைக் கொன்று தங்கத்தைக் கொள்ளையடிப்பது, கல்லறையில் இரண்டு பிணங்களை உட்கார வைத்து நடக்கும் சண்டை, கடைசியில் போஞ்சோவுக்குள் இரும்புத் தகடு. குரோசாவாவின் முடிவில் துப்பாக்கி வைத்திருப்பவன் வில்லன், நாயகன் கத்தியை வீசி ஜெயிப்பான். இங்கே இருவரிடமும் துப்பாக்கி. ரைஃபிள் வைத்திருப்பவனை ரிவால்வர்காரன் ஜெயிக்க முடியாது என்பது ரமோனின் பெருமை. அந்நியன் புகைக்குள்ளிருந்து நடந்து வருகிறான், ரமோன் குறி தவறாமல் நெஞ்சிலேயே சுடுகிறான், இவன் விழுந்து விழுந்து எழுகிறான், நெஞ்சுக்குக் குறிபார் என்று சொல்லிக்கொண்டே.

விசில்

மோரிகோனேயைத் தயாரிப்பாளர்கள்தான் சிபாரிசு செய்தார்கள். லியோனே அவர் வீட்டுக்குப் போனபோதுதான் இருவரும் ஆரம்பப் பள்ளியில் ஒரே வகுப்பு என்று தெரியவந்தது. அவர் போட்டுக் காட்டியவற்றில் ஒன்று அமெரிக்கப் பாடகர் பீட்டர் டெவிஸுக்காகச் செய்த இசைக்கோவை: வுடி கத்ரியின் ஒரு நாட்டுப்பாடலுக்குப் பின்னால் சாட்டை, மணி, ஆண்கள் கோரஸ். பாட்டை எடுத்துவிட்டுப் பின்னணியை மட்டும் கொடு என்றார் லியோனே. குரல் இருந்த இடத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனியின் விசில் வந்து உட்கார்ந்தது. கிதாரும் அவருடையதே, கோரஸும் அவருடைய குழுவே.

கடைசிச் சண்டைக்கு ஹாலிவுட் வெஸ்டர்னான 'ரியோ பிராவோ'வில் வரும் 'தெகுவேயோ' ட்ரம்பெட் மெட்டுதான் வேண்டும் என்று லியோனே அடம்பிடித்தார். மோரிகோனே முடியாது என்றார். கடைசியில் தொலைக்காட்சி நாடகம் ஒன்றுக்காகத் தான் முன்பு எழுதிய தாலாட்டை எடுத்து, அந்தப் பாணியில் மிக்கேலே லசெரென்சாவை ட்ரம்பெட் வாசிக்கவைத்தார். கதை இரவல் என்று குதிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், இசையும் பாதி பழைய சரக்கு. ஆனால் எல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. ரொம்ப காலம் கழித்து மோரிகோனே இந்தப் படத்தின் இசையைத் தன் நல்ல வேலைகளில் ஒன்றாகவே எண்ணவில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொள்ள நமக்கு அவசியமில்லை.

ஓட்டமும் கடிதமும்

1964 கோடையின் முடிவில், ஊரே விடுமுறையில் இருக்கும் நேரத்தில், ஃபுளோரன்ஸில் ஒரு சின்னத் திரையரங்கில் விளம்பரமில்லாமல் படம் போடப்பட்டது. பார்த்தவன் சொல்லி அடுத்தவன் வந்தான், கூட்டம் நாளுக்கு நாள் ஏறியது. நவம்பரில் ரோமுக்கு வந்தது. இத்தாலியில் மட்டும் 300 கோடி லிராவுக்கு மேல் வசூல். ஊருக்குத் திரும்பியிருந்த ஈஸ்ட்வுட், இத்தாலியில் ஏதோ 'ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' சக்கைப்போடு போடுவதாகத் தொழில் பத்திரிகையில் படித்தார். தலைப்பு மாறியது அவருக்குத் தெரியாததால் தன் படம் என்றே புரியவில்லை.

வசூல் செய்தி டோக்கியோவுக்கும் போய்ச் சேர்ந்தது. குரோசாவாவிடமிருந்து லியோனேவுக்குக் கடிதம் வந்தது: மிக நல்ல படம், ஆனால் அது என்னுடைய படம். அதற்குரிய பணத்தைக் கொடுக்க வேண்டும். லியோனே குரோசாவாவின் பக்தர். தன் தெய்வம் படத்தைப் பாராட்டியிருக்கிறது என்று அந்தக் கடிதத்தை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாராம்.

யோஜிம்போவைத் தயாரித்த தோஹோ நிறுவனம் வழக்குப் போட்டது. லியோனே தரப்பின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று, இரண்டு எஜமானர்களுக்கு ஒரே நேரத்தில் வேலை பார்ப்பவன் கதையை 18-ஆம் நூற்றாண்டிலேயே வெனிஸ் நாடகாசிரியர் கொல்தோனி எழுதிவிட்டார், நாங்கள் எங்கள் வீட்டுச் சொத்தைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டோம். இரண்டு, யோஜிம்போவே டாஷியல் ஹாமெட் 1929-இல் வெளியிட்ட 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலை ஒட்டியது. இரண்டாவதில் சத்து உண்டு. ஒரு நகரத்தின் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிடும் ஆள் அந்த நாவலில் இருக்கிறான். குரோசாவாவும் ஹாமெட்டின் இன்னொரு நாவலிலிருந்து வந்த 'தி கிளாஸ் கீ' படத்துக்குத் தான் கடன்பட்டதை ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் நாவலில் சவப்பெட்டித் தச்சன் கிடையாது, பிரிக்கப்பட்ட குடும்பம் கிடையாது. கருவை இருவரும் ஹாமெட்டிடமிருந்து எடுத்திருக்கலாம், காட்சிகளை லியோனே எடுத்தது குரோசாவாவிடமிருந்து. கொல்தோனி வாதத்தைப் பொறுத்தவரை, அது வக்கீலுக்கு உதவும் வாதம், படம் பார்த்தவனிடம் எடுபடாது.

கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம். குரோசாவாவுக்கும் இணை எழுத்தாளர் ரியூஸோ கிகுஷிமாவுக்கும் ஜப்பான், தைவான், தென்கொரிய விநியோக உரிமையும், உலக வசூலில் 15 சதவீதமும். யோஜிம்போவில் சம்பாதித்ததைவிட இதில் குரோசாவா அதிகம் சம்பாதித்தார் என்று சொல்வதுண்டு. இந்த இழுபறியால் அமெரிக்காவில் படம் 1967 ஜனவரி வரை வெளிவரவே இல்லை. ஜப்பானில் வைத்த தலைப்புதான் உச்சம். 'கோயா நோ யோஜிம்போ', அதாவது பாலைவெளி யோஜிம்போ. கதையின் சொந்தக்காரன் பெயர் நெற்றியிலேயே ஒட்டப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு செர்ஜியோ கொர்பூச்சி என்ற இன்னொரு இத்தாலியரின் வெஸ்டர்னான 'ஜாங்கோ' ஜப்பானுக்குப் போனபோது, இதற்கும் அதற்கும் ஒட்டோ உறவோ இல்லாவிட்டாலும், அதற்குப் பாலைவெளி யோஜிம்போவின் தொடர்ச்சி என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாவது வழக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, எனக்கு அதுதான் சுவாரஸ்யம். லாபத்தில் பங்கு வராத கோபத்தில் லியோனே ஜாலி பிலிமை விட்டு விலகி, ஆல்பெர்தோ கிரிமால்டியின் பணத்தில் 1965-இல் 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' எடுத்தார். அதே ஈஸ்ட்வுட், அதே போஞ்சோ, அதே சுருட்டு. எங்கள் கதாபாத்திரத்தைத் திருடிவிட்டார்கள் என்று ஜாலி பிலிம் வழக்குக்குப் போனது! இரவல் கதையில் கட்டிய வீட்டுக்குப் பட்டா கேட்ட மாதிரி. அந்தத் துப்பாக்கிக்காரனின் தோரணையும் உடுப்பும் வெஸ்டர்ன் படங்களின் பொதுச் சொத்து, யாருக்கும் தனி உரிமை இல்லை என்று வழக்கு முடிந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதைக்கு உரிமையாளர் இருந்தார், அவருக்கு 15 சதவீதம் போனது. அது நியாயம், தாமதமான நியாயம். ஆனால் உலகம் இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது கதையையா? போஞ்சோ, அரைக்கண், விசில், கண்ணின் க்ளோஸப், அமைதி, வெடி. இவற்றில் எதுவும் யோஜிம்போவில் இல்லை, எதற்கும் யாரும் ஒரு பைசா கொடுக்க வேண்டியிருக்கவில்லை. லியோனே எடுத்ததற்கு விலை இருந்தது, லியோனேயிடமிருந்து எடுத்ததற்கு விலை இல்லை.

அள்ளிக்கொண்டு போனவர்கள்

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட வெஸ்டர்ன்கள் ஐந்நூறைத் தாண்டும். அல்மேரியாவின் தபெர்னாஸ் பாலைவனம் படப்பிடிப்புத் தலமாகிவிட்டது. இரண்டாவது படத்துக்குக் கலை இயக்குநர் கார்லோ சிமி அங்கே போட்ட ஊர் இன்றும் சுற்றுலாத் தலமாக நிற்கிறது. அமெரிக்காவில் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் மூன்று படங்களையும் 1967-க்குள்ளேயே வரிசையாக வெளியிட்டு, 'பெயரில்லாத மனிதன்' என்று விளம்பரம் செய்தது. உண்மையில் முதல் படத்தில் தச்சன் அவனை ஜோ என்று கூப்பிடுவான். வியாபாரத்துக்குப் பெயர் இல்லாமலிருப்பது வசதியாக இருந்தது. 'பேக் டு தி ஃப்யூச்சர்' வரிசையின் மூன்றாம் படத்தில் நாயகன் தன் பெயர் கிளின்ட் ஈஸ்ட்வுட் என்று சொல்லிக்கொண்டு, அடுப்பின் இரும்புக் கதவை நெஞ்சில் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவதைக் குழந்தைகள்கூட ரசித்தார்கள். 1996-இல் வால்டர் ஹில் 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்' எடுத்தபோது முறையாக யோஜிம்போவின் கதைக்கே பெயர் போட்டார்.

இந்தியாவுக்கும் வந்தது. 'ஷோலே' 1975-இல் லியோனேயின் பிந்தைய படத்திலிருந்து ஒரு குடும்பக் கொலைக் காட்சியின் அமைப்பை எடுத்துக்கொண்டது. தமிழில் எழுபதுகளின் தொடக்கத்தில் கர்ணன் இயக்கத்தில் 'கங்கா', 'ஜக்கம்மா' போன்ற படங்களில் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வந்தார். சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' 2010-இல் அந்த மரபையே கேலி செய்தது. கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' 2023-இல் ஈஸ்ட்வுட்டையே கதைக்குள் ஒரு பாத்திரமாகக் கொண்டுவந்துவிட்டது. யாரும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

எழுபதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போடும்போது ஒரு சங்கடம் வந்தது. காரணமே சொல்லாமல் ஊருக்குள் வந்து இத்தனை பேரைக் கொல்பவனை வீட்டு வரவேற்பறைக்குள் எப்படி அனுமதிப்பது? ஏபிசி தொலைக்காட்சி மாண்டி ஹெல்மன் என்ற இயக்குநரை வைத்து ஒரு முன்கதையைப் புதிதாக எடுத்து ஒட்டியது. அதில் ஹேரி டீன் ஸ்டான்டன் சிறை அதிகாரியாக வந்து, சான் மிகேலைச் சுத்தம் செய்தால் உனக்கு விடுதலை என்று கைதியிடம் பேரம் பேசுகிறார். ஈஸ்ட்வுட் வரவில்லை. போஞ்சோ போட்ட வேறொருவர் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்கிறார், இடையில் பழைய படத்திலிருந்து ஈஸ்ட்வுட்டின் கண்களின் க்ளோஸப்பை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது நன்றாகவே தெரியும்.